முதல் கிட் ராக்கெட்: எந்த மோட்டாரில் தொடங்கலாம்? பாராசூட் பற்றியும் ஒரு சந்தேகம்

நீலவானம் எழுதியது:

வணக்கம். அக்கா மகளும் நானும் சேர்ந்து ஒரு மாடல் ராக்கெட் கிட் செய்துகொண்டிருக்கிறோம். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பால்சா இறக்கை மூன்று, பிளாஸ்டிக் பாராசூட். 18 மில்லிமீட்டர் மோட்டார் போடும் வகை. மோட்டாரைப் பிடிக்கும் உள்குழாயை ஒட்டியாயிற்று. இறக்கைகளை வெட்டி உப்புத்தாள் போட்டு வைத்திருக்கிறோம், இன்னும் ஒட்டவில்லை.

கையேட்டில் ஏ8-3, பி6-4, சி6-5 மூன்றில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று இருக்கிறது. எது அதிக உயரம் போகுமோ அதையே முதலில் போடலாம் என்கிறாள் அவள். அவளுக்குப் பதினொரு வயது. எனக்கும் ஆசை இருக்கிறது. அந்த எழுத்தும் எண்களும் என்ன சொல்கின்றன?

இறக்கையை நேராக ஒட்ட நல்ல வழி எது? குழாயைச் சுற்றிக் குறித்துக்கொள்ள ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துப் புள்ளி வைக்க முடிகிறது. புள்ளியிலிருந்து மேலே கோடு இழுக்கும்போதுதான் நேராக வருகிறதா என்று சந்தேகம்.

அப்புறம், பாராசூட்டுக்கு அடியில் தீப்பிடிக்காத தாளைக் கசக்கி வைக்க வேண்டுமாம். எங்கள் கிட்டில் அது இல்லை, தனியாக வாங்க வேண்டும். சாதாரண டிஷ்யூ தாள் போதாதா?

கடைசியாக அவளுடைய கேள்வி. பாராசூட்டின் நடுவில் ஒரு வட்டம் அச்சிட்டு, காற்று அதிகம் உள்ள நாளில் அதை வெட்டி எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஓட்டை போட்டால் எப்படித் தாங்கும் என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

---

மேல்காற்று எழுதியது:

குறியீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் பாதி கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

முதல் எழுத்து, மோட்டார் மொத்தமாக எவ்வளவு தள்ளும் என்பது. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி, பி என்றால் 5, சி என்றால் 10. ஓர் எழுத்து ஏறினால் உச்ச அளவு இரண்டு மடங்கு. நடுவில் இருக்கும் எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். ஆகவே சி6 மோட்டார் ஏ8-ஐவிடப் பலமாகத் தள்ளுகிறது என்று நினைக்க வேண்டாம். குறியீட்டு எண்படி சராசரியில் அது மென்மையாகத்தான் தள்ளும், ஆனால் நெடுநேரம் தள்ளும். ஏ8 ஒரு விநாடிக்குள் எரிந்து தீரும். சி6 இரண்டு விநாடிக்குப் பக்கத்தில் வரும்.

கோட்டுக்குப் பிறகு இருக்கும் எண்ணைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். எரிபொருள் தீர்ந்த பிறகு பாராசூட் வெளியே வர எத்தனை விநாடி ஆகும் என்பது அது. மோட்டார் அணைந்தவுடன் ராக்கெட் நின்றுவிடாது. கிடைத்த வேகத்தில் ஏறிக்கொண்டே போய், உச்சியில் ஏறக்குறைய நின்று, தலை சாயும். பாராசூட் விரிய வேண்டிய இடம் அந்த உச்சிதான், வேகம் மிகக் குறைந்த நேரம் அது. எண் பெரிதாகிவிட்டால் ராக்கெட் தலைகீழாக வேகமெடுத்த பிறகு பாராசூட் வெளியே வரும். பிளாஸ்டிக் கிழியும், அல்லது மூக்கையும் குழாயையும் இணைக்கும் இழுநாடா குழாயின் வாயை நீளமாகக் கிழித்துவிடும். எண் சிறிதாகிவிட்டால் இன்னும் மேலே பாய்ந்துகொண்டிருக்கும்போதே விரியும், அதற்கும் இதே கதிதான். கையேட்டில் கொடுத்திருக்கும் மூன்றும் உங்கள் ராக்கெட்டின் எடைக்குப் பார்த்து எழுதியவை. அவற்றைத் தாண்டி வேறு எண் வாங்காதீர்கள். குறிப்பாக 0 என்று முடிவது வேண்டவே வேண்டாம். அது பல அடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கு உரியது, பாராசூட்டைத் தள்ளும் மருந்தே அதில் கிடையாது.

இப்போது எதில் தொடங்குவது என்பது. ஏ8-3. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பாப்பா கோபித்துக்கொண்டாலும் சரி. ஏறுவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். திரும்பி வருவது முழுக்க நம் கை வேலை: நாடா முடிச்சு, மடிப்பு, மூக்கின் பிடிப்பு. அந்த வேலை சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் தூரத்தில் தெரிந்துகொள்ளத்தான் முதல் பறப்பு. உங்கள் அளவு ராக்கெட் சி6-இல் 300 மீட்டருக்குப் பக்கத்தில் போகலாம். அந்த உயரத்தில் கைத்தடி நீளம்கூட இல்லாத குழாயைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். பாராசூட்டில் விநாடிக்கு 4 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டரிலிருந்து இறங்க 75 விநாடி. காற்றும் விநாடிக்கு 4 மீட்டர் வீசினால் (முகத்தில் இதமாகப் படும் காற்றுதான், பெரிய காற்று ஒன்றும் இல்லை) ராக்கெட் 300 மீட்டர் தள்ளிப் போய் விழும். அதே காற்றில் 100 மீட்டரிலிருந்து இறங்கினால் 100 மீட்டர் நடந்து எடுத்துவந்துவிடலாம். 1957-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் மைதானத்தின் குறைந்தபட்ச அளவும் இருக்கிறது: ஏ மோட்டாருக்குச் சுமார் 30 மீட்டர், பி-க்கு 60, சி-க்கு 120. அது குறைந்தபட்சம். என் பழக்கம், அதைப்போல் மூன்று மடங்கு இடம் இருந்தால்தான் ராக்கெட் வழுக்கி ஏறும் ஏவுகம்பியை நடுவது.

டிஷ்யூ தாள் வேண்டாம். உச்சியில் மோட்டார் முன்பக்கமாக ஒரு சின்ன வெடிப்பு விடும், அந்தச் சூடான வாயுதான் மூக்கையும் பாராசூட்டையும் வெளியே தள்ளுகிறது. நடுவில் இருக்கும் தாளும் கூடவே வெளியே பறக்கும். சாதாரணத் தாளாக இருந்தால் கங்கோடு பறந்து காய்ந்த புல்லில் விழும். தீப்பிடிக்காத தாளையே வாங்குங்கள். மூன்று நான்கு தாளைத் தனித்தனியாகத் தளர்வாகக் கசக்கிப் போட வேண்டும். குழாயின் சுவரை ஒட்டி இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டும், ஆனால் குச்சியால் இடித்து இறுக்கக் கூடாது. இறுக்கினால் அதுவே அடைப்பாகிவிடும். வைத்த பிறகு பின்பக்கத்திலிருந்து லேசாக ஊதிப் பாருங்கள், நகர வேண்டும்.

மூக்கின் பிடிப்புக்கு ஒரு சோதனை உண்டு. மூக்கை மட்டும் பிடித்து ராக்கெட்டைத் தூக்குங்கள். குழாய் தொங்க வேண்டும், லேசாக உதறினால் கழன்றுவிட வேண்டும். தூக்கும்போதே கழன்றால் மூக்கின் அடிப்பாகத்தில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப். உதறியும் கழலவில்லை என்றால் உப்புத்தாள். இதை வீட்டில் பார்த்ததோடு விடாமல் மைதானத்திலும் பாருங்கள், ஈரக்காற்றில் அட்டைக் குழாய் கொஞ்சம் உப்பி மூக்கைக் கவ்விக்கொள்ளும்.

பாராசூட்டை முந்தின இரவே மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பிளாஸ்டிக் மடிப்பிலேயே படிந்துவிடும். ஏவுவதற்குச் சற்று முன் மடியுங்கள். முதலில் நடுவில் பிடித்து நீவி நீள முக்கோணமாக்கி, உள்ளே கொஞ்சம் முகப்பவுடர் தூவி, பாதியாக மடித்து, தளர்வாகச் சுருட்டி, நூலை அதன்மேல் இறுக்காமல் சுற்றுங்கள். பவுடர் போட்டால் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. விரியும்போது வெள்ளையாக ஒரு புகைபோல் பவுடர் பறப்பது கீழிருந்தும் தெரியும், பாராசூட் எங்கே திறந்தது என்று கண்டுகொள்ள அது பெரிய உதவி.

ஓட்டை பற்றிப் பாப்பா கேட்டது நல்ல கேள்வி. ஓட்டை இல்லாத பாராசூட்டில் சிக்கிய காற்று வெளியேற ஓரம்தான் வழி. ஒருமுறை இந்த ஓரத்தில் வழியும், மறுமுறை அந்த ஓரத்தில். அதனால் கீழே தொங்கும் ராக்கெட் ஊசலாடிக்கொண்டே வரும். நடுவில் ஓர் ஓட்டை இருந்தால் காற்று அது வழியாகச் சீராகப் போகும், ஆட்டம் குறையும். தாங்குமா என்றால் தாராளமாகத் தாங்கும். விட்டத்தில் கால் பங்கு அளவுக்கு ஓட்டை போட்டாலும் பரப்பில் போவது பதினாறில் ஒரு பங்குதான். பாதி விட்டம் அளவுக்குப் பெரிதாகப் போட்டால் கால் பங்கு பரப்பு போய்விடும். கொஞ்சம் வேகமாக இறங்கும், காற்று அடித்துக்கொண்டு போகும் தூரமும் குறையும். இதைத்தான் கையேடு சொல்கிறது.

இறக்கை ஒட்டுவதை மரவேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

மரத்தூள் எழுதியது:

கோடு நேராக வர எளிய வழி: கதவு நிலையின் மூலையிலோ, எல் வடிவ உலோகப் பட்டையின் உள்மூலையிலோ குழாயைப் படுக்க வையுங்கள். குழாய் உருளாமல் நிற்கும். பட்டையின் விளிம்பை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு குழாயின் அச்சுக்கு இணையாகத்தான் வரும், வேறு மாதிரி வர வழியில்லை.

ஒட்டுவதற்கு முன் மரத்தின் இழையைப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்புக்கு இணையாக இழை ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடினால் தரையில் விழும் முதல் அடியிலேயே இறக்கை இழையோடு பிளந்துவிடும். அச்சில் வெட்டி வந்த இறக்கை என்றால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று இறக்கைகளையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து ஓரங்களைச் சேர்த்துத் தேயுங்கள், மூன்றும் ஒரே அளவாகிவிடும். அப்புறம் முன்விளிம்பை உருண்டையாக, பின்விளிம்பைச் சரிவாக. குழாயில் ஒட்டும் விளிம்பை மட்டும் தட்டையாக விடுங்கள்.

வெள்ளை மரப்பசைதான் நல்லது. இறக்கையின் விளிம்பிலும் குழாயின் கோட்டிலும் மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு இறக்கையில் மட்டும் இன்னொரு மெல்லிய பூச்சு. இப்போது வைத்து அழுத்தினால் கொஞ்ச நேரத்திலேயே பிடித்துக்கொள்ளும், கையெடுத்தாலும் சாயாது. மூன்றும் நன்றாகக் காய்ந்தபின் இணைப்பின் இரு பக்கமும் ஒரு கோடு பசை விட்டு விரல் நுனியால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். அந்தப் பக்கம் காயும்வரை குழாய் படுத்தபடியே இருக்கட்டும். நிறுத்தி வைத்தால் பசை வழிந்து அடியில் போய்ச் சேரும்.

பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மூன்று இறக்கையும் மூன்று மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். ஒன்று இம்மி சாய்ந்திருந்தால் ராக்கெட் லேசாகச் சுழன்றுகொண்டு ஏறும், அதில் ஆபத்து இல்லை, கொஞ்சம் உயரம் குறையும். ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அளவு கோணலாக இருந்தால் பிளேடால் வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள்.

---

நீலவானம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கதவு நிலை வழி அருமை. இறக்கைகள் ஒட்டியாயிற்று, பின்னாலிருந்து பார்த்தால் மூன்று கோடுதான்.

ஏ8-3 என்றதும் முகம் சுருங்கியது. இறங்க 75 விநாடி, 300 மீட்டர் நடை என்று கணக்கைக் காட்டியதும் அவளே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். இறக்கைக்கு நல்ல கெட்டியாக நாலைந்து பூச்சு பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்க வேண்டும் என்கிறாள். எடை கூடினால் பரவாயில்லையா? அப்புறம், எரிந்து முடிந்த மோட்டார் கூட்டில் நாமே மருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். செய்யலாமா?

---

ஆய்வகத்து அக்கா எழுதியது:

பெயின்ட் பற்றி நான் சொல்கிறேன். பிள்ளைகளோடு ராக்கெட் விடும்போது இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எவ்வளவு எடை கூடுகிறது என்பதைவிட எங்கே கூடுகிறது என்பதைப் பாருங்கள். ராக்கெட்டின் எடை முழுவதும் தாங்கி நிற்கும் புள்ளி ஈர்ப்பு மையம். பக்கக்காற்று தள்ளும் விசை முழுவதும் படும் புள்ளி அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னால், மூக்குப் பக்கமாக, குறைந்தது குழாயின் ஒரு விட்டம் அளவாவது தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ராக்கெட் லேசாகச் சாய்ந்தாலும் இறக்கைகள் அதைத் திரும்ப நேராக்கும். பின்னால் பெயின்ட் ஏற ஏற ஈர்ப்பு மையம் பின்னோக்கி வரும். நாலு பூச்சுக்குப் பதில் மெல்லிய இரண்டு பூச்சு போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நைஸ் உப்புத்தாள். அதிலேயே பளபளப்பு வரும்.

பெயின்ட் காய்ந்ததும் பாப்பாவை ஒன்று செய்யச் சொல்லுங்கள். பாராசூட், தாள், மோட்டார் எல்லாம் உள்ளே வைத்து ராக்கெட்டை விரல்மேல் படுக்க வைத்து அது சமநிலையில் நிற்கும் இடத்தைக் குறிக்கட்டும். முதலில் ஏ8 வைத்து, அப்புறம் சி6 வைத்து. பெரிய மோட்டாரில் மருந்து அதிகம், அது கனம். குறி கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் பின்னால் நகர்வதை அவளே பார்ப்பாள். ஏ8-இல் நேராகப் போன ராக்கெட் சி6-இல் தடுமாறக் காரணம் பல நேரம் இதுதான்.

சி6 வைத்த நிலையிலேயே அந்தக் குறியில் ஒரு நூலைக் கட்டி டேப் ஒட்டி, திறந்த வெளியில் இரண்டு மூன்று மீட்டர் நூல் விட்டுத் தலைக்குமேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் சரி. பக்கவாட்டில் திரும்பினால் மூக்குக்குள் கொஞ்சம் களிமண் அழுத்தி மறுபடி சுற்றுங்கள். இந்தச் சோதனை கொஞ்சம் கறார். நன்றாகப் பறக்கக்கூடிய ராக்கெட்டும் சில நேரம் இதில் தேறாது, ஆனால் இதில் தேறியதை நம்பி ஏவலாம். அழுத்த மையத்தைக் கணக்கிட 1960களில் நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் கொடுத்த சமன்பாடுகள் இருக்கின்றன. ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால் அதுவே இரண்டு மையங்களையும் படத்தில் காட்டும். நூல் சோதனைக்குப் பிறகு அதையும் அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.

---

மேல்காற்று எழுதியது:

மருந்து நிரப்புவது பற்றி: செய்யக் கூடாது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கு தொடங்கியதே அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். 1954-இல் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், வாணவேடிக்கை தெரிந்தவர், தயாராக அடைத்த, மாற்றிப் போடும் மோட்டாரோடு பாராசூட்டில் இறங்கும் சின்ன ராக்கெட்டைச் செய்தார். பிள்ளைகள் குழாயில் மருந்து கலந்து அடைத்துக் காயப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைனுக்கு அவர் மாதிரிகளை அனுப்பினார், ஸ்டைன் 1957-இல் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். அப்புறம் வெர்னன் எஸ்டஸ் மோட்டாரை இயந்திரத்தில் ஒரே தரமாகச் செய்ய வழி கண்டார். மருந்தை எவ்வளவு அழுத்தம் கொடுத்து அடைக்கிறோம் என்பதில்தான் மோட்டாரின் உயிரே இருக்கிறது. கையில் அடைத்த மருந்தில் ஒரு விரிசல் இருந்தால் போதும், நெருப்பு ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் பரவி மோட்டார் வெடித்துவிடும். வாங்கிய மோட்டாரையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் இதே விரிசல் வரும்.

ஏவும் நாளுக்குச் சில விஷயம். ராக்கெட் கம்பியிலிருந்து கிளம்பியதும் காற்று வரும் திசைக்குத் தலையைத் திருப்பும், இறங்கும்போது காற்றோடு தள்ளிப் போகும். அதனால் காற்று வரும் பக்க ஓரத்துக்குப் பக்கத்தில் கம்பியை நட்டு, காற்று போகும் பக்கம் இடத்தை விடுங்கள். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். கம்பியின் மேல்நுனிக்கு ஒரு மூடி போடுங்கள், ஏவும் நேரத்தில் மட்டும் எடுங்கள். குனிகிற குழந்தையின் கண் உயரத்தில் நிற்கும் மூன்று மில்லிமீட்டர் கம்பி அது, எனக்கு மோட்டாரைவிட அதன்மேல்தான் பயம். ஏவும்போது நீங்கள் 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லை என்றால், பெரும்பாலும் இக்னைட்டரின் (மோட்டாரைப் பற்றவைக்கும் மின்திரி) நுனி உள்ளே மருந்தைத் தொடாமல் நிற்கும், அல்லது அதன் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மின்சாரம் கொடுக்கும் கிளிப்பில் படிந்த கரியும் காரணமாகலாம், ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. ஆனால் உடனே ஓடிப் போய்ப் பார்க்கக் கூடாது. ஏவும் பொத்தான் பெட்டியின் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து அப்புறம் போங்கள். சாவி எப்போதும் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் போகிறவரின் சட்டைப்பையில். உங்கள் நாட்டில் மோட்டார் வைத்திருக்கவும் ஏவவும் என்ன விதி என்பதையும், பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

---

நீலவானம் எழுதியது:

விரல்மேல் வைத்துப் பார்த்தோம். குறி ஒரு விரல் அகலம் பின்னால் வந்தது, அக்கா சொன்னது அப்படியே. நூல் சோதனையிலும் மூக்கு முன்னால்தான். மருந்து யோசனையை விட்டாயிற்று.

ஒன்றே ஒன்று பாக்கி. எவ்வளவு உயரம் போனது என்று அளந்து நோட்டில் எழுத வேண்டுமாம். உள்ளே கருவி எதுவும் வைக்க இடமில்லை.

---

மேல்காற்று எழுதியது:

கருவி வேண்டாம், பள்ளிக்கூடப் பாகைமானி போதும். அதன் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டுங்கள், மையத்தில் ஒரு நூல் கட்டி நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். கம்பியிலிருந்து சரியாக 100 மீட்டர் தூரத்தில், காற்றுக்குக் குறுக்கான பக்கத்தில் பாப்பா நிற்கட்டும். ஸ்ட்ரா வழியாக ராக்கெட்டைப் பின்தொடர்ந்து, பவுடர் வெள்ளையாகத் தெரியும் நொடியில் நூலை விரலால் பாகைமானியோடு சேர்த்து அழுத்திவிட வேண்டும். நூல் 90-இலிருந்து எத்தனை பாகை நகர்ந்திருக்கிறதோ அதுதான் ஏற்றக்கோணம். 45 என்றால் உயரம் 100 மீட்டர். 60 என்றால் 173 மீட்டர். நடுவில் எது வந்தாலும் அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டை 100-ஆல் பெருக்கி, அவளுடைய கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ராக்கெட் அவள் பக்கமாகச் சாய்ந்து ஏறினால் கணக்கு கூடிவரும், விலகிச் சாய்ந்தால் குறையும். அதனால் இன்னொரு பாகைமானி செய்து எதிர்ப்பக்கம் 100 மீட்டரில் நீங்கள் நில்லுங்கள். பொத்தானை அழுத்த வேறொரு பெரியவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு அளவையும் எழுதி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளலாம். நோட்டில் உயரத்துக்குப் பக்கத்தில் மோட்டார் எது, காற்று எப்படி, மைதானத்தில் எங்கே விழுந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பி6-4-க்கு எப்போது போகலாம் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து அவளே சொல்லிவிடுவாள்.